யூடபிள்யூபி ரிசீவர்: கூட வருவதையும் கணக்கில் எடுங்கள்

அல்ட்ரா வைட்பேண்ட் (யூடபிள்யூபி) ரிசீவர் வடிவமைக்க வரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: சர்க்யூட் வரையுமுன் தாளில் கணக்குப் போடுங்கள். அமெரிக்காவின் எஃப்சிசி 2002இல் வகுத்த விதிப்படி, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு −41.3 டிபிஎம்தான் உச்சவரம்பு. 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மொத்தம் −14.3. அது 6.5 கிகாஹெர்ட்ஸில், தடையற்ற வெளியில் பத்து மீட்டர் கடந்தால் சுமார் −83 மிஞ்சும். நாய்ஸ் ஃபிகர் 5 டெசிபல் உள்ள ரிசீவரின் இரைச்சலோ −82. சிக்னல் இரைச்சலுக்குக் கீழே கிடக்கிறது. பல பல்ஸ்களைக் கூட்டிச் சேர்த்துத்தான் அதை மேலே எடுக்க வேண்டும்.

ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரவுட்டரிலிருந்து −27 டிபிஎம் அளவுக்கு வரலாம்; நம் சிக்னலைப் போலச் சில லட்சம் மடங்கு. முதல் பெருக்கியான எல்என்ஏ அதில் திணறிவிட்டால், பின்னால் எந்த டிஜிட்டல் சாமர்த்தியமும் உதவாது. ஆன்டெனாவை அடுத்தே ஃபில்டர் வைத்து, அது தின்னும் ஓரிரு டெசிபலை ஏற்றுக்கொள்வேன். வைஃபை 6இ 7.125 கிகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. ஆகவே 6.5இல் உள்ள யூடபிள்யூபி சேனல் 5ஐவிட, 8ஐ ஒட்டிய சேனல் 9ஐயே விரும்புவேன். அதற்கு விலை, கூடுதலாக ஏறத்தாழ 2 டெசிபல் பாதை இழப்பு.

ஏடிசிக்கு எத்தனை பிட்? சிக்னல் இரைச்சலில் புதைந்திருக்கும்போது ஒரே பிட் போதும். இழப்பு சுமார் 2 டெசிபல்தான். ஆனால் வலிமையான குறுக்கீடு உள்ளே வந்தால் அந்த ஒரு பிட்டை அதுவே பிடித்துக்கொள்ளும். பிட்களின் எண்ணிக்கையை ஃபில்டரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

வந்து சேரும் அலைகளில் உயரமான சிகரத்தை நம்பாதீர்கள். தூரத்தை அளக்கும்போது முதலில் வந்து சேரும் அலைதான் உண்மை. நடுவில் ஒருவர் நின்றால் நேர்வழி அலை மெலியும். இரும்பு பீரோவில் பட்டுத் திரும்பியது ஓங்கி நிற்கும். ஒரு நானோவினாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் தவறு. இரைச்சல் மட்டத்தை அளந்து, அதைத் தாண்டும் முதல் விளிம்பைத் தேடுங்கள்.

சோதனையை வெறும் அறையில் முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் ரவுட்டரை ஓடவிட்டு, இடையில் ஒருவரை நிறுத்தி அளந்து பாருங்கள். அப்போதும் நிலைத்து நிற்கும் தூரத்தையே பயனருக்கு வாக்காகக் கொடுங்கள்.