ஏன்? எப்படி? – எதை முதலில் கேட்பது?



போராலும் கடலாலும் வெள்ளத்தாலும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள் நாம். ஊர் திரும்பியதும் "எப்படித் தொடங்குவது?" என்றுதான் கேட்கிறோம். "ஏன் இப்படி ஆனது?" என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. இது சரியா? வாகரைப் பகுதிக் கிணறுகளைக் கொண்டு சிந்திப்போம்.

1. உவராகிய கிணறுகள்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நமது கரையோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. இலங்கை முழுவதிலும் சுமார் 40,000 கிணறுகள் அழிந்தன அல்லது உவராகின. உதவ வந்தவர்கள் கிழக்குக் கரையோரக் கிணறுகளை இயந்திரம் வைத்து இறைத்தார்கள். சில கிணறுகள் பலமுறை இறைக்கப்பட்டன. ஆயினும் பல இடங்களில் உப்புக் குறையவில்லை. சில இடங்களில் கூடியது.

காரணம் நிலத்தின் கீழே இருந்தது. கரையோர மணலில் மழைநீர் ஊறி, கனமான கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. இந்த நன்னீர்ப் படையே நமது கிணற்று நீர். அதன் மட்டம் ஓரடி இறங்கி அப்படியே நீடித்தால், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் சுமார் 40 அடி உயரக்கூடும் என்பது நீரியல் கணக்கு. வேகமாக இறைத்தால் உப்பை நாமே மேலே அழைக்கிறோம். மணலில் ஊறிய உப்பைக் கழுவ வல்லது மாரி மழையே.

2. அதே வேலை, வேறு காரணம்

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மழைவெள்ளம் மூடியது. அப்போது கிணற்றில் விழுந்தவை சேறும் கிருமியும். அதற்கு, அளவோடு இறைத்துச் சேற்றை அகற்றிக் குளோரின் இடுவதே ஏற்ற வழி. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை நீக்காது.

ஒரே வேலை ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் தீங்கு. எது எங்கே பொருந்தும் என்று சொல்வது "ஏன்" என்ற கேள்வியே. வள்ளுவரும் நோயின் காரணத்தை அறிந்த பின்பே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறார்.

3. இருவகை "ஏன்"

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று இயேசுவிடம் கேட்டார்கள் (யோவான் 9). அவருடைய பாவமுமல்ல, பெற்றோரின் பாவமுமல்ல என்றார் இயேசு. பின்பு சேறு உண்டாக்கி அவருடைய கண்களில் பூசி, குளத்தில் கழுவ அனுப்பினார்.

"நாம் என்ன பாவம் செய்தோம்?" என்ற "ஏன்" நம்மை முடக்கும். "உப்பு எங்கிருந்து வந்தது?" என்ற "ஏன்" கைக்கு வேலை தரும். இயந்திரமும் விதையும் கொண்டு வருவோர் "எப்படி" என்பதைச் சொல்லித் தருவர். நம் மண்ணிடம் "ஏன்" என்று கேட்க வேண்டியவர்கள் நாமே. எனவே "ஏன்" முதலில். "எப்படி" உடனே அதன் பின்னால்.

4. செய்யக்கூடியவை

- கரையோரக் கிணற்றை வற்ற இறைக்க வேண்டாம். வாளியால் சிறிது சிறிதாக அள்ளுங்கள்.
- உப்புத் தட்டினால் கிணற்றை ஆழமாக்க வேண்டாம்.
- தோட்டத்துக்கு ஒரே கிணற்றில் அதிகம் இறைக்காமல், ஆழமற்ற பல கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.
- வெள்ளம் புகாதபடி கிணற்றுக் கட்டை உயர்த்துங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கிறது? ஏன்?
2. காரணம் கேளாமல் ஏற்றுக்கொண்ட உதவி எது? அதன் விளைவு என்ன?
3. அடுத்த மாரிக்கு முன் கிராமமாகச் சேர்ந்து எதைச் செய்யலாம்?