உள்ளறையும் பரணும்

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் சம்பா நெல் வீடு வந்து சேர்ந்த பின், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கப்படும் ஜூன் 12-ஆம் தேதி வரையிலும் குடியானவருக்குச் சற்று ஓய்வு உண்டு. வெயிலும் நன்றாய்க் காய்கிறது. வீட்டை ஒழுங்கு செய்ய இதைவிட உகந்த காலம் வேறில்லை. ஆயினும் பெரும்பாலோர் திண்ணையையும் கூடத்தையும் சுத்தம் செய்துவிட்டு, உள்ளறைக் கதவைச் சார்த்தி விடுகின்றனர். விருந்தினர் கண்ணில் படாத அவ்வறையிலும் அதன் பரணிலுமே குடும்பத்திற்கு நஷ்டம் விளைகிறது.

அங்கே இருப்பவை யாவை? ஓட்டை அண்டா, கயிறு அறுந்த கட்டில், இற்றுப்போன ஏற்றச்சால், கொழு தேய்ந்த கலப்பை, என்றோ பழுதான பம்பு செட்டின் உறுப்புகள், இவற்றுக்கிடையே காலிச் சாக்குகள். இச்சாக்குகளே எல்லாவற்றிலும் பொல்லாதவை. சென்ற வருஷத்து அந்துப்பூச்சியும் வண்டும் அவற்றின் இழைகளில் தங்கியிருந்து, புது நெல் வந்தவுடன் அதில் ஏறிவிடுகின்றன. எலியோ திறந்த வெளியில் ஓட அஞ்சுவது. சுவரோரமாகவும் சாமான்களின் மறைவிலுமே நடமாடும். தட்டுமுட்டுச் சாமான்களை நெல்லின்மேல் சாய்த்து வைப்பவர் எலிக்குத் தாமே வழி அமைத்துக் கொடுக்கிறார்.

முன்னோர் பத்தாயத்தைக் கால்களின் மேல் நிறுத்தியது காரணமின்றியன்று. பத்தாயம் இன்னும் உள்ள வீடுகளில் அதைச் சுற்றிலும், மூட்டை அடுக்கும் வீடுகளில் சுவருக்கும் அடுக்குக்கும் இடையிலும், ஒரு முழ இடமாவது காலியாயிருத்தல் வேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகையின் மேல் அடுக்குவது நலம். நெல்லின் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படலாகாது. விதைநெல்லுக்கு 13-க்கும் குறைவாயிருத்தல் நல்லது. நொச்சியிலையும் வேப்பிலையும் பூச்சியைத் தடுக்க ஓரளவு உதவுபவையே. ஆனால் ஈர நெல்லைக் கொட்டி வைத்து இலையைப் போட்டவருக்கு இலை என்ன செய்யும்?

ஒரு நாள் காலையில் அறையிலுள்ள சாமான்கள் அனைத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பரப்ப வேண்டும். குறுவை, சம்பா, தாளடி என்று ஒரு வருஷச் சாகுபடி முழுவதும் கை படாத கருவி அடுத்த வருஷமும் கை படப்போவதில்லை. அதைப் பழுது பார்ப்பதாயின் அந்த மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். இல்லையேல் எடைக்குப் போட்டு, வந்த தொகையைச் சங்கத்து நகைக்கடனில் கட்டலாம். பித்தளைப் பாத்திரங்களின் விஷயம் வேறு. அவற்றிற் பல, வீட்டுப் பெண்கள் சீராகக் கொண்டுவந்தவை. அவற்றை விற்பதா வைப்பதா என்று சொல்ல வேண்டியவர் கொண்டுவந்தவரேயன்றி வீட்டுத் தலைவர் அல்லர்.

பூச்சிமருந்துப் புட்டிகள் நெல்லுள்ள அறையில் ஒரு நாளும் இருக்கலாகாது. குழந்தைகளுக்கு எட்டாத வெளியிடத்தில் பூட்டி வைக்க வேண்டும். காலிப் புட்டியில் எண்ணெய் ஊற்றி வைப்பது உயிருக்கு ஆபத்து. அலுமினியம் பாஸ்பைடு வில்லை ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்னும் விஷவாயுவை விடுகிறது. அவ்விஷத்திற்கு முறிவு மருந்து கிடையாது. மனிதர் உறங்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.

இனிப் பழங்காகிதங்கள். போகியன்று பரணிலுள்ளவற்றைப் பிரித்துப் பாராமலே தீயிலிடும் வழக்கத்தால் அழிந்தவை அநேகம். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-இல் பிறந்தவருமான உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராய்ச் சென்றபோது, பழஞ்சுவடிகளை நெருப்பிலும் ஆற்று வெள்ளத்திலும் இட்ட செய்தியைக் கேட்டு மனம் நொந்தார். இன்றும் பரணில் ஓலைச்சுவடி அகப்படின், அது வைத்தியமோ ஜாதகமோ என்று தாமே தீர்மானித்து எறியாமல், தஞ்சை சரஸ்வதி மகால் நூல் நிலையத்தாரிடம் காட்டுதல் தகும்.

சங்கத்து அங்கத்தினருக்கோ வேறு காகிதங்களும் உண்டு. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 2021-இல் மட்டும் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாயிற்று. தள்ளுபடிச் சான்றையும், கடன் அடைத்த ரசீதையும் தொலைத்தவர், பின்னர் கணக்கில் ஐயம் நேரின் சங்கத்துப் பேரேட்டையே நம்பி நிற்க வேண்டியவராவர். பட்டா, சிட்டா நகல்களை இப்போது இணையத்தில் பெறலாம். பதிவான கிரயப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். மூலப்பத்திரமோ ஒன்றே.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, ஓடும் கூரையும் பறந்த வீடுகளில் பரணும் தப்பவில்லை. ஆகையால் பத்திரங்களையும் பாஸ் புத்தகத்தையும் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டு, மூடியுள்ள சிறு தகரப்பெட்டியில் வைத்து, எழுந்து ஓடும்போது ஒரே கையால் எடுக்கத்தக்க இடத்தில் வைத்தல் வேண்டும். பெட்டி இருக்குமிடமும் சாவி இருக்குமிடமும் வீட்டில் குறைந்தது இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.