மனப்பாடக் கட்டுரை செல்லாத பரீட்சை

பிரிட்டனுக்கு உத்தியோகம் நாடிச் செல்லும் நர்ஸுகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்கான ஆங்கிலத்தை என் வீட்டுத் திண்ணையறையில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அந்நாட்டு நர்ஸிங் கவுன்சில், கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7 மதிப்பெண்ணும், எழுதுதலில் மட்டும் சற்றே தயவு காட்டி 6.5-உம் கேட்கிறது. தயவு காட்டிய அந்த இடத்திலேதான் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இடறி விழுந்திருக்கிறார்கள். பள்ளி நாள் முதலாகக் கைடு புஸ்தகத்துக் கட்டுரையை உருப்போட்டு, அதை அப்படியே விடைத்தாளில் இறக்கி மார்க்கு வாங்கிப் பழகிய கை, சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கக் கூசுகிறது.

ஆதலால் ஆரம்பத்தில் நான் பேனாவைத் தொடவே விடுவதில்லை. நோய்க்குச் சிகிச்சை அளிப்பதைவிட, நோய் வராமல் தடுப்பதற்கே அரசாங்கம் அதிகப் பணம் செலவிட வேண்டும் என்பதை எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது போன்ற ஒரு வினாவைக் கொடுத்து, வார்டில் கண்டதை வைத்து அபிப்பிராயத்தைத் தமிழிலேயே சொல்லச் சொல்வேன். ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று வாய் திறவாமல், "எல்லாத்துலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு சார்" என்று முடித்துவிடுகிறவர்களே அதிகம். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாத கட்டுரை, பாஷை எத்தனை அலங்காரமாக இருந்தாலும் தேறாது. சர்க்கரை வியாதியை அலட்சியம் செய்து, கடைசியில் கால்விரலை எடுக்கும்படி ஆன ஒரு நோயாளியைப் பற்றி ஒரு பெண் சொன்னதை, அங்கேயே சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக அமைக்கச் செய்தேன். அவள் நெட்டுருப் பண்ணி வைத்திருந்த எந்தப் பத்தியும் அதன் அருகில் நிற்கவில்லை. எழுதுதல் தேர்வில், 150 சொற்களில் வரைபடத்தை விவரிக்கும் முதற்பகுதியைக் காட்டிலும், 250 சொற்கொண்ட இந்த இரண்டாம் பகுதிக்கு இரட்டிப்பு மதிப்பு உண்டாகையால், இதையே முதலில் எழுதி, ஒரு மணி நேரத்தில் 40 நிமிஷத்தை இதற்கு ஒதுக்கும்படி வற்புறுத்துகிறேன்.

வாசித்தலில் நர்ஸுகளுக்கு அவர்களுடைய ஞானமே விரோதி. ஒரு கூற்று சரியா, தவறா, அல்லது பத்தியில் சொல்லப்படவே இல்லையா என்று கேட்கும் வினாவில், தூக்கத்தைப் பற்றிய பத்தி வந்துவிட்டால் போதும். ஆசிரியர் எங்கும் எழுதாத உண்மையைத் தம் படிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு 'சரி' என்று குறித்துவிடுவார்கள். விடைக்கு ஆதாரமான வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டினாலொழிய நான் ஒப்புக்கொள்வதில்லை. வைக்க வரி அகப்படாவிட்டால், 'சொல்லப்படவில்லை' என்பதே விடை.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரு முறைதான் ஓடும். எழுத்துப் பிழைக்கும், விட்டுப்போன பன்மை 'எஸ்' எழுத்துக்கும் அரை மார்க்குகூடக் கிடையாது. பேச்சுத் தேர்வுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றே: தயாரிக்கக் கொடுக்கும் ஒரு நிமிஷத்தில் முழு வாக்கியம் எழுதாமல், நாலைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தயங்கித் தயங்கியேனும் சொந்தமாகப் பேசுகிறவரைப் பரீட்சகர் பொறுமையோடு கேட்பார். ஒப்பிக்கிறவரைக் குறுக்கே நிறுத்தி வேறு கேள்வி போடுவார்.

எந்த ஆசிரியரிடமும் பணம் கட்டுமுன், நான் எழுதும் கட்டுரையை வரிவரியாகத் திருத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். மாதிரிக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறவராயிருந்தால், வேறு இடம் பாருங்கள்.