எந்தச் சட்டை என்று பார்க்காதே

அன்புள்ள மருமகள் பெனிட்டாவுக்கு,

"பஸ் ஸ்டாண்டில் கஞ்சா பிடித்தால் தென்பாகம் ஸ்டேஷன் கேஸ், துறைமுகத்தில் பிடித்தால் டெல்லி ஆபீஸ் கேஸ். ஏன் மாமா?" என்று எழுதியிருந்தாய். சட்டம் படிக்கப் போகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டு. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சுங்கம் மத்தியப் பட்டியலில். மருந்தும் நஞ்சும் இருவருக்கும் பொது. அதனால் 1985-இல் நாடாளுமன்றம் போட்ட போதைப்பொருள் சட்டம், இரு அரசுகளும் தத்தம் அதிகாரிகளுக்குச் சோதனை போடும் அதிகாரம் தரலாம் என்றது. மறு வருஷம் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு வந்தது. அதற்காக நம் மாவட்ட எஸ்.பி. அந்தப் பிரிவுக்குக் கீழே வேலை பார்ப்பவர் ஆகிவிடவில்லை.

2021 ஏப்ரலில் நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் மரத்தடி ஏற்றிவந்த கன்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கொக்கைன் கிடைத்தது. பனாமாவில் ஏறி, ஆன்ட்வெர்ப், கொழும்பு வழியாக வந்த சரக்கு. பிடித்தவர்கள் மத்திய வருவாய்ப் புலனாய்வுத் துறையினர். 2020 நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே 'ஷெனாயா துவா' என்ற இலங்கைப் படகைக் கடலோரக் காவல்படை மடக்கியது. அதில் இருந்தது ஏறக்குறைய 100 கிலோ ஹெராயின். பனாமா வரை போய் விசாரிக்க ஒரு ஸ்டேஷனால் ஆகுமா? அதே சமயம், எந்தச் சந்தில் எவன் பொட்டலம் விற்கிறான் என்பது டெல்லிக்குத் தெரியுமா? உன் பூட்டன் முத்துக் குளித்த காலத்தில் முத்துப்பார் சர்க்காருடையது. ஆனால் அடியில் கிடக்கும் சிப்பியைத் தொட்டுப் பார்த்தவன் குளிகாரன்தான். இதுவும் அப்படித்தான்.

பிடிப்பவர் மாறினாலும் தண்டனை மாறாது; அது எடையைப் பொறுத்தது. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு; 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீன் குதிரைக்கொம்பு.

அதிகாரத்துக்கான வரம்பும் அப்படியே. மத்தியப் பிரிவு சென்னையில் போட்ட ஒரு வழக்கில்தான், தூஃபான் சிங் வழக்கு என்பார்கள், 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்த அதிகாரிகளும் போலீஸ்தான், அவர்கள் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. மூன்று நீதிபதிகளில் இருவர் சொன்ன தீர்ப்பு.

ஆகவே நாளை ஒரு கட்சிக்காரரின் அம்மா உன்னிடம் அழுதுகொண்டு வந்தால், எந்த ஆபீஸ் என்பதோடு நின்றுவிடாதே. எடை எவ்வளவு? உடம்பைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டென்று சொன்னார்களா? அதைக் கேள்.

அன்புடன்,
மாமா