மஹ்ரமின்றிப் பெண் பயணம்: முக்கியக் குறிப்புகள்

மஹ்ரம்: வரைவிலக்கணம்

• மஹ்ரம்: ஒரு பெண்ணை மணமுடிக்க நிரந்தரமாகத் தடை செய்யப்பட்ட ஆண்.
• அடிப்படை வசனம்: அல்குர்ஆன் 4:23 (சூறத்துன் நிஸா).
• தடைக்கான காரணங்கள் 3: வம்சம், பாற்குடி, திருமண உறவு.
• வம்சம்: தந்தை, பாட்டன், மகன், பேரன், சகோதரன், சகோதர சகோதரியரின் மகன், தந்தையின் சகோதரன், தாயின் சகோதரன்.
• பாற்குடி: ஷாபிஈ, ஹன்பலி மத்ஹப்களில் 5 தடவை பாலூட்டல் நிபந்தனை. ஹனபி, மாலிகி மத்ஹப்களில் ஒரு தடவையே போதும்.
• திருமண உறவு: மாமனார், மருமகன், கணவனின் மகன், தாயின் கணவன்.
• கணவன்: வரைவிலக்கணப்படி மஹ்ரம் அல்லன், பயணச் சட்டத்தில் மஹ்ரமுக்கு இணை.
• மஹ்ரம் அல்லாதோர்: கணவனின் சகோதரன், சாச்சாவின் மகன், மாமாவின் மகன், வளர்ப்பு மகன், சகோதரியின் கணவன். இவர்களில் சகோதரியின் கணவனுக்கு உள்ள திருமணத் தடை தற்காலிகமானது. அதனாலேயே அவன் மஹ்ரம் ஆகான்.
• தொழில் வழங்குநர் (கபீல்), வேலைவாய்ப்பு முகவர், ஹஜ் குழுத் தலைவர்: மூவரும் மஹ்ரம் அல்லர்.
• வலீ வேறு, மஹ்ரம் வேறு. வலீ: திருமண ஒப்பந்தத்தின் பொறுப்பாளர். ஷாபிஈ மத்ஹபில் தாயின் சகோதரன் மஹ்ரம், ஆனால் வலீ அல்லன். சாச்சாவின் மகன் வலீ ஆகலாம், ஆனால் மஹ்ரம் அல்லன். இரு சொற்களையும் ஒன்றாக்கி எழுதுவதே மிகுதியாக நேரும் பிழை.

ஹதீஸ் ஆதாரங்கள்

• இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிப்பு: மஹ்ரமின்றிப் பெண் பயணம் செய்வதற்குப் பொதுத் தடை, நாள் எல்லை இல்லை. போருக்குப் பெயர் பதிந்த ஒருவர், மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட செய்தியைச் சொன்னபோது, போரை விட்டு மனைவியுடன் செல்லுமாறு நபியின் (ஸல்) பணிப்பு.
• இப்னு உமர் (ரழி): 3 நாள் பயணம்.
• அபூ ஸயீத் அல்குத்ரீ (ரழி): 2 நாள்.
• அபூ ஹுரைரா (ரழி): ஒரு பகலும் ஓர் இரவும்.
• எண்கள் வேறுபடக் காரணம் (இமாம் நவவீ, மறைவு ஹி. 676 / கி.பி. 1277): கேட்டவர்களும் கேட்ட சந்தர்ப்பங்களும் வேறு வேறு, எந்த எண்ணும் கீழ் எல்லை அன்று.
• அதீ இப்னு ஹாதிம் (ரழி) அறிவிப்பு: ஹீராவிலிருந்து புறப்படும் பெண், அல்லாஹ்வையன்றி எவருக்கும் அஞ்சாமல் வந்து கஃபாவைத் தவாபு செய்யும் காலம் வரும் என்ற முன்னறிவிப்பு. அதைத் தாம் கண்ணால் கண்டதாக அதீயின் கூற்று. ஹீரா: இன்றைய ஈராக், கூபாவுக்கு அருகில்.
• இந்த ஹதீஸே அனுமதிப்போரின் முதன்மைச் சான்று. மறுப்போர் பதில்: நிகழப்போவதைச் சொல்லும் செய்தி, சட்ட அனுமதி ஆகாது. அனுமதிப்போர் எதிர்ப்பதில்: பாதுகாப்பின் உச்சத்தைப் புகழ்ந்து சொல்லும் இடத்தில் தடைசெய்யப்பட்ட ஒன்று உதாரணமாக வாராது.

வரலாற்று நிகழ்வுகள்

• உம்மு ஸலமா (ரழி): மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத். தன்ஈமிலிருந்து குபா வரை வழித்துணை உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் முஸ்லிம் அல்லர், மஹ்ரமும் அல்லர்.
• உம்மு குல்தூம் பின்த் உக்பா (ரழி): ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின் குடும்பத்தை விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத். உயிருக்கும் மார்க்கத்துக்கும் ஆபத்துள்ள இடத்திலிருந்து வெளியேற மஹ்ரம் நிபந்தனை இல்லை என்பதில் அறிஞர்கள் ஏகோபித்த கருத்து.
• ஆயிஷா (ரழி): ஹி. 10, இறுதி ஹஜ். தன்ஈமிலிருந்து உம்றா, துணை சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரழி).
• கலீபா உமர் (ரழி): தம் இறுதி ஹஜ்ஜின்போது (ஹி. 23) நபியின் மனைவியருக்கு ஹஜ் அனுமதி, உடன் அனுப்பப்பட்டோர் உஸ்மான் (ரழி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி). நம்பகமான துணை போதும் என்போர் எடுத்துக்காட்டும் நிகழ்வு.

மத்ஹப் நிலைப்பாடுகள்

• ஹனபி: 3 நாள் தூரமும் அதற்கு மேலும் மஹ்ரம் கட்டாயம், ஹஜ்ஜுக்கும் விலக்கு இல்லை. இன்றைய கணக்கில் சுமார் 48 மைல் (77 கி.மீ.). ஒரு நாள் பயணமும் வெறுக்கத்தக்கது என அபூ ஹனீபா, அபூ யூசுப் வழி ஓர் அறிவிப்பு.
• ஹன்பலி: ஹஜ் கடமையாவதற்கே மஹ்ரம் நிபந்தனை. மஹ்ரம் முஸ்லிமாகவும் பருவமடைந்தவராகவும் புத்தி சுவாதீனமுள்ளவராகவும் இருத்தல் வேண்டும். அவருடைய வழிச்செலவு பெண்ணின் பொறுப்பு.
• மாலிகி: கடமையான ஹஜ்ஜுக்கு நம்பகமான குழு போதும்.
• ஷாபிஈ: இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோரின் மத்ஹப், இலங்கைப் பரீட்சார்த்திக்கு மிக முக்கியம்.
 – கடமையான ஹஜ், கடமையான உம்றா: நம்பகமான பெண்கள் குழுவுடன் செல்லலாம். வழி அச்சமற்றதாயின் தனியாகவும் செல்லலாம் என்ற கருத்தும் உண்டு.
 – உபரியான ஹஜ், உம்றா, வணிகம், உறவினர் சந்திப்பு: வலுவான கருத்துப்படி பெண்கள் குழு போதாது, மஹ்ரம் தேவை. முதல் உம்றாவுக்கும் இரண்டாம் உம்றாவுக்கும் சட்டம் மாறுபடும் இடம் இதுவே.
 – இமாம் அல்கராபீஸீ: உபரியான ஹஜ்ஜுக்கும் பெண்கள் குழு போதும்.
 – இமாம் அல்கஃப்பால்: எல்லாப் பயணங்களுக்கும் போதும். அதை நன்றெனக் கண்டவர்: இமாம் அர்ரூயானீ. இக்கருத்துகளை எடுத்துரைப்பவர் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (மறைவு ஹி. 852), நூல் பத்ஹுல் பாரீ.
 – மத்ஹபுக்குள்ளேயே இத்தனை கருத்துகள் இருக்க, ஷாபிஈ மத்ஹபில் இதற்கு இடமே இல்லை என்று ஒரே வரியில் முடிப்பது அரைகுறை விடை.
• ளாஹிரி, இப்னு ஹஸ்ம் (மறைவு ஹி. 456): கணவனோ மஹ்ரமோ இல்லாதவள் தனியே ஹஜ் செய்யலாம்.
• மஹ்ரமின்றிச் செய்த ஹஜ்: நிறைவேறும். தடை உண்டு என்போரிடத்தும் பாவம் பயணத்துக்கே, ஹஜ் வீணாகாது.
• கணவனின் அனுமதி: கடமையான ஹஜ்ஜைக் கணவன் தடுக்க முடியாது (ஹனபி, மாலிகி, ஹன்பலி). ஷாபிஈயில் மேலோங்கிய கருத்து: தடுக்கலாம், ஹஜ் பிற்படுத்தத்தக்க கடமை என்பது காரணம்.
• இத்தாக் காலம்: பயணத் தடை தனிச் சட்டம், மஹ்ரம் இருந்தாலும் நீங்காது. கணவன் இறந்த இத்தா: 4 மாதம் 10 நாள் (அல்குர்ஆன் 2:234).

பயன்பாடு: கினிகத்தேனை

• அமைவு: நுவரெலியா மாவட்டம், அம்பகமுவ பிரதேசம், அவிசாவளை–ஹட்டன்–நுவரெலியா வீதி (ஏ7).
• தொழுகையைச் சுருக்கும் தூரம் (கஸ்ர்): 2 மர்ஹலா, சுமார் 81 கி.மீ.
• ஹட்டன்: எல்லைக்குள். கண்டி (நாவலப்பிட்டி, கம்பளை வழி): எல்லைக்குள். கொழும்பு (கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை வழி): சுமார் 100 கி.மீ., எல்லைக்கு வெளியே.
• ஹனபி நோக்கு: கடவுச்சீட்டு வேலையாகக் கண்டிக்குத் தனியே போய் வருதல் 3 நாள் தூரத்துக்குள் அடங்கும், கொழும்புக்கு மஹ்ரம் தேவை.
• ஷாபிஈ நோக்கு: கஸ்ர் தூரம் இங்கு அளவுகோல் அன்று. வழக்கில் பயணம் (ஸபர்) எனப்படுவது எதுவாயினும் தடைக்குள் அடங்கும். காலையில் ஹட்டன் கடைத்தெருவுக்குப் போய் மாலையில் திரும்புவதை ஊரில் எவரும் பயணம் என்று சொல்வதில்லை. கொழும்பு போவதைச் சொல்வர்.
• கினிகத்தேனையில் கொழும்பு பஸ் ஏறும் பெண்: இருக்கை நிறைய ஆட்கள், வழி நெடுக ஊர்கள், கையில் தொலைபேசி. பழைய நூல்கள் கண்முன் வைத்தது நாள்கணக்கில் ஆளரவமற்ற பாலைப் பாதை. விதி இடத்துக்கா, ஆபத்துக்கா என்ற வினா எழுவது இங்கேதான்.
• இரு அணுகுமுறைகள்: (1) காரணம் ஆராயாது பின்பற்றும் கட்டளை (தஅப்புதீ), (2) காரணம் உள்ள கட்டளை (மஃலூல்), காரணம் பாதுகாப்பு. பின்வரும் நவீனக் கருத்து வேறுபாடு முழுவதும் இவ்விரண்டிலிருந்தே கிளைப்பது. இதை விளங்கியவருக்கு மற்றவை தாமாகவே நினைவில் நிற்கும்.

நவீன கருத்துகள்

• ஷெய்க் இப்னு பாஸ் (மறைவு 1999), ஷெய்க் இப்னு உஸைமீன் (மறைவு 2001): விமானப் பயணமாயினும் மஹ்ரம் கட்டாயம். வாதம்: விமானம் தாமதமாகலாம், வேறிடத்தில் இறங்கலாம், வரவேற்க வருபவர் வராதிருக்கலாம்.
• கலாநிதி யூசுப் அல்கர்ளாவீ (மறைவு 2022): பாதுகாப்பு உறுதியாயின் அனுமதி.
• அல்அஸ்ஹர் மாநாடு, கெய்ரோ, 2020 ஜனவரி: பாதுகாப்பான துணையோ வாகனமோ உள்ளபோது மஹ்ரமின்றிப் பயணம் ஆகும் என்ற பிரகடனம்.

நாடுகளின் சட்டங்கள்

• சவூதி அரேபியா: 2018 ஜூன் 24, பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதி. 2019 ஆகஸ்ட், 21 வயதான பெண் பாதுகாவலர் அனுமதியின்றிக் கடவுச்சீட்டுப் பெறவும் வெளிநாடு செல்லவும் உரிமை.
• ஹஜ், முன்னைய விதி: 45 வயதுக்கு மேற்பட்ட பெண் மட்டும் குழுவுடன், மஹ்ரமின் சம்மதக் கடிதத்துடன்.
• 2021: உள்நாட்டுப் பெண் யாத்திரிகர் மஹ்ரமின்றிப் பதிய அனுமதி. 2022 ஒக்டோபர்: உலகின் எப்பகுதிப் பெண்ணுக்கும் அனுமதி, அறிவித்தவர் ஹஜ், உம்றா அமைச்சர் தௌபீக் அர்ரபீஆ, அறிவித்த இடம் கெய்ரோ.
• இந்தியா: 2018 ஹஜ் முதல் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் 4 பேர் குழுவாக மஹ்ரமின்றிச் செல்ல அனுமதி, அவரவர் மத்ஹப் இடமளித்தால் மட்டும். 2023இல் இவ்வாறு சென்றோர் 4,000க்கு மேல்.
• 2023 ஜூன் 8: கோழிக்கோடு–ஜித்தா, பெண்கள் மட்டும் சென்ற ஹஜ் விமானம், யாத்திரிகர் 145, விமானிகளும் பெண்களே.
• ஆப்கானிஸ்தான்: 2021 டிசம்பர், 72 கி.மீ.க்கு மேல் மஹ்ரமின்றிப் பயணத் தடை.

இலங்கை: சட்டமும் சமூகமும்

• சனத்தொகையில் முஸ்லிம்கள் (2012): 9.7%.
• அரசியலமைப்பு, உறுப்புரை 12(2): பால் அடிப்படையிலான பாரபட்சத் தடை. உறுப்புரை 14(1)(ஏ): நாட்டுக்குள் நடமாடும் சுதந்திரம்.
• முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்: 1951இன் 13ஆம் இலக்கம். திருமணத்தில் வலீ பற்றிப் பேசும். பயணத்தில் மஹ்ரம் பற்றி இலங்கைச் சட்டம் எதிலும் நிபந்தனை இல்லை.
• அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா: தோற்றம் 1924. பெண்கள் மஹ்ரமின்றி வெளிநாட்டுப் பணிப்பெண் வேலைக்குச் செல்வதற்கு எதிரான நிலைப்பாடு.
• இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்: 1985இன் 21ஆம் இலக்கச் சட்டம்.
• 2007: 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்கும் அமைச்சரவை முடிவு, நடைமுறைக்கு வரவில்லை.
• 2013: குடும்பப் பின்னணி அறிக்கை அறிமுகம். பணிப்பெண்ணாகச் செல்பவரின் வீட்டு நிலையைப் பிரதேச செயலக மட்டத்தில் ஆராயும் ஏற்பாடு. அது மதம் சாராத அரச விதியாக இருந்தது; தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கும் அதே விதி பொருந்தியது.

ரிசானா நபீக் வழக்கு

• ஊர்: மூதூர், திருகோணமலை மாவட்டம்.
• 2005: சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகப் பயணம். உண்மைப் பிறப்பாண்டு 1988, கடவுச்சீட்டில் 1982. உண்மை வயது 17.
• 2005 மே: பராமரிப்பில் இருந்த 4 மாதக் குழந்தை மரணம். அவர் தரப்பு: புட்டிப்பால் ஊட்டும்போது மூச்சுத் திணறல்.
• 2007 ஜூன் 16: தவாத்மி நீதிமன்றத்தில் மரண தண்டனை. முதல் விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை.
• 2013 ஜனவரி 9: தண்டனை நிறைவேற்றம். பின்விளைவு: சவூதியிலிருந்து இலங்கைத் தூதுவர் திருப்பி அழைப்பு.
• இவ்வழக்கை மஹ்ரமின்றிச் சென்றதன் விளைவு என்று மட்டும் எழுதுதல் போதாது, நீதியும் அன்று. பிறப்பாண்டைத் திருத்திய கைகள், 17 வயதுச் சிறுமியிடம் கைக்குழந்தையைக் கொடுத்த வீடு, அவள் பேச்சை விளங்காத விசாரணை: மூன்றும் விடையில் இடம்பெற வேண்டும். பாதுகாப்பு என்ற காரணத்துக்காக வந்த விதி, அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கத் தவறியவர்களை விட்டுவிட்டுச் சென்றவள் மேல் மட்டும் சுமத்தப்படலாகாது.
• 2013 ஜனவரி, பணிப்பெண்ணுக்கான குறைந்தபட்ச வயது: சவூதி 25, ஏனைய மத்திய கிழக்கு நாடுகள் 23, பிற நாடுகள் 21.
• 2022 ஜூன்: எல்லா நாடுகளுக்கும் 21.