திரைக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் வேண்டும்

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத மாணவிகள் ஒவ்வோர் ஆண்டும் பலர். அத்துடன் அவர்களுடைய கல்வி முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் இத்தகையோர் நாடிச் செல்வது ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளை. நம் நாட்டில் அவற்றுக்கு நெருங்கியவை தொழில்நுட்பக் கல்லூரிகளும், உயர் தேசிய டிப்ளோமா வழங்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களும் ஆகும். நமது கரையோரத்துக்கு அண்மையில் உள்ளது சம்மாந்துறை நிறுவகம். இவற்றில் பயில்வோருக்கு இணையவழிக் கற்றல் தளங்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பதை இங்கு நோக்குவோம்.

தூரமும் மொழியும்

வினாயகபுரத்து மாணவி ஒருத்தி சம்மாந்துறைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர் எல்லாம் கடந்து காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்ப வேண்டும். பஸ்ஸைத் தவறவிட்டால் காலை விரிவுரை போய்விடும். இன்னொரு தடையும் உண்டு. பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்தவள், டிப்ளோமாவை ஆங்கிலத்தில் படிக்க வேண்டும்.

இவ்விரு தடைகளுக்கும் இணையத்தளம் நல்ல மருந்து. பாடக்குறிப்பு, பதிவுசெய்த விரிவுரை, ஒப்படை, சிறு வினாப்பரீட்சை என்பவற்றை ஒரே இடத்தில் தருவதே கற்றல் முகாமைத்துவ முறைமை. 2002 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான 'மூடில்' என்ற இலவச மென்பொருள் இவ்வகையில் உலகெங்கும் பயன்படுகிறது. வகுப்பில் ஓடிப்போன ஆங்கில வசனத்தைப் பதிவில் நிறுத்தி, மூன்று தரம் கேட்டு விளங்கிக்கொள்ளலாம். கைஉயர்த்திக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கல்வியமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்தில் பாடசாலைப் பாடங்கள் தமிழிலும் கிடைப்பதால், மறந்துபோன அடிப்படைகளையும் மீட்டிக்கொள்ளலாம்.

இடர்காலம் கற்பித்தது

2020 மார்ச்சில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு பல்கலைக்கழகங்களுக்கு 'சூம்' வசதியை வழங்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தளங்களை டேட்டாக் கட்டணமின்றித் திறந்துவிட்டன. விரிவுரைகள் தொடர இது பேருதவியாயிற்று. ஆனால் 2021 இல் ஊவாவின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. நேரலை வகுப்பு மட்டும் போதாது, தரவிறக்கிப் படிக்கக்கூடிய குறிப்பும் பதிவும் கட்டாயம் வேண்டும் என்பதே அக்காலம் தந்த பாடம்.

யாருக்கு எட்டவில்லை?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு நிலையத்தினர் வாஷிங்டன், வேர்ஜீனியா மாநிலங்களின் மாணவர்களை ஆராய்ந்தனர். முற்றாக இணையத்தில் நடந்த பாடங்களில் மாணவர்களின் பெறுபேறு நேர்முக வகுப்பைவிடக் குறைந்திருந்தது. இடைவிலகலும் கூடியிருந்தது. ஏற்கெனவே பின்தங்கியிருந்தோரே அதிகம் பாதிக்கப்பட்டனர். கடினமான பாடத்தை ஆசிரியர் முன்னிலையில் படிக்கவே மாணவர்கள் விரும்பியதையும் அதே நிலையத்தின் வேறோர் ஆய்வு காட்டியது. வழி தெரிந்தவர் தனியே நடப்பார். தெரியாதவருக்குக் கைபிடிக்க ஒருவர் வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. பஸ்ஸில் ஏறிச் சென்றவளைப் 'படிக்கப் போயிருக்கா' என்பார்கள். ஃபோனுக்கு முன்னால் இருப்பவளிடமோ, "வீட்டதானே இரிக்காய் புள்ள, உலையை ஒருக்காப் பாரு" என்பார்கள். விரிவுரை பாதியில் நிற்கும். இதைவிடக் கவலைக்குரியது, 'எல்லாம் ஃபோனிலேயே படிக்கலாமே, வெளியில் ஏன்?' என்ற பேச்சு. தூரத்தைக் குறைக்க வந்த வசதி, வாசலை அடைக்கும் சாட்டாக மாறக்கூடாது. ஆய்வுகூடமும் நூலகமும் சக மாணவியரும் திரைக்குள் அடங்குபவை அல்ல.

செய்ய வேண்டியது

இணையவழிக் கற்கைநெறி ஒன்றில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்போம். சான்றிதழை யார் அங்கீகரிக்கிறார்கள்? பாடங்களைத் தரவிறக்க முடியுமா? நேர்முக வகுப்பு உண்டா? விளங்காவிட்டால் பதில் சொல்பவர் யார்? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், அது காணொளிகளை அடுக்கிய அலுமாரி மட்டுமே.

வீட்டாரிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு: நாளுக்கு இரண்டு மணிநேரம், மூடிய கதவு. அந்த நேரத்தில் பிள்ளை வீட்டில் இல்லை, வகுப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் போதும். அறிவைத் தேடுவது கடமை என்று நமக்குக் கற்பித்த வீடுகளுக்கு இது பெரிய சுமையல்ல.