பல்லை எண்ணுவோம், பாதையைப் பார்ப்போம்

சைக்கிளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதில் செயின் எதன் மேல் ஓடுகிறது? பல் வைத்த இரண்டு சக்கரங்களின் மேல் ஓடுகிறது. இவற்றைப் பல்சக்கரம் என்கிறோம். கடையில் ஸ்பிராக்கெட் என்பார்கள்.

சைக்கிளில் பெடலோடு சுற்றுவது பெரிய பல்சக்கரம். பின் டயரோடு சுற்றுவது சிறிய பல்சக்கரம். மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் இது தலைகீழ். எஞ்சின் பக்கம் சிறியது இருக்கும். பின் டயர் பக்கம் பெரியது இருக்கும்.

ஏன் இப்படி? நம் கால் மெதுவாகச் சுற்றும். டயர் அதைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். எஞ்சினோ மிக வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து, இழுக்கும் பலத்தைக் கூட்ட வேண்டும். இரண்டு வேலையையும் செய்வது பற்களின் எண்ணிக்கைதான்.

சைக்கிள் கணக்கு

ஒரு சைக்கிளில் பெடல் பக்கம் 44 பற்கள். பின்னால் 22 பற்கள்.

44 ÷ 22 = 2

பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் டயர் 2 சுற்று சுற்றும்.

டயரின் குறுக்களவு 28 அங்குலம். அது ஒரு சுற்று உருண்டால் 88 அங்குலம் போகும். அதாவது 7 அடி 4 அங்குலம். 2 சுற்றுக்கு 14 அடி 8 அங்குலம்.

இப்போது பின்னால் 18 பல் உள்ள சக்கரத்தைப் போடுவோம்.

44 ÷ 18 = 2.44

ஒரு மிதிக்கு ஏறக்குறைய 18 அடி போகலாம். இது லாபம்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மிதியும் கனமாக இருக்கும். அரிசி மூட்டையோடு மேட்டில் ஏறும்போது முழங்கால் வலிக்கும்.

1 கிலோமீட்டர் போக 18 பல்லுக்குச் சுமார் 183 மிதி வேண்டும். 22 பல்லுக்குச் சுமார் 224 மிதி வேண்டும். மிதி கூடும், கனம் குறையும். ஒன்று கூடினால் ஒன்று குறையும். இரண்டையும் சேர்த்துத் தரும் பல்சக்கரம் உலகத்தில் இல்லை.

மொபெட் கணக்கு

1980-ஆம் ஆண்டு ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50 மொபெட் விற்பனைக்கு வந்தது. பால்காரர், காய்கறிக்காரர், மீன்காரர் எனப் பலரும் மொபெட்டைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார்கள். அந்த வரிசையில் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்ற வண்டி 2015-இல் வந்தது.

இந்த வண்டியில் கியர் மாற்றும் வேலை இல்லை. மோட்டார் சைக்கிள்காரர் மேட்டைக் கண்டால் கியரைக் குறைப்பார். இதில் அது முடியாது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சமதளத்துக்கும் ஒரே கியர்தான். எனவே இதற்குப் பல்சக்கரத்தின் அளவு மிகவும் முக்கியம்.

திருவனந்தபுரத்தில் வலியசாலைக்குப் பக்கத்தில் சாலைக் கம்போளம் இருக்கிறது. பெரிய சந்தை அது. அங்கிருந்து விடியற்காலையில் சரக்கு எடுத்துப் போகிறவர்கள் பலர். கிழக்கே கோட்டைப் பக்கம் பாதை பெரும்பாலும் சமதளம். பாளையம் பக்கம் போனால் ஏற்றம்.

வலியசாலையில் ஒரு மெக்கானிக் கடை என்று வைத்துக்கொள்வோம். மொபெட்டில் காய்கறி விற்கும் ஓர் அக்கா அங்கே வருகிறார்.

“தம்பி, கிழக்கே கோட்டை வரை வண்டி நல்லா ஓடுது. பாளையம் ஏற்றத்தில் திணறுது. பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகும் என்று சொல்கிறார்கள். மாற்றிவிடு.”

“மாற்றலாம் அக்கா. அதற்கு முன்னால் வண்டியைப் பார்க்கலாம்.”

மெக்கானிக் பின் டயரை அழுத்திப் பார்த்தார். காற்று குறைவு. பின் டயரைத் தூக்கிச் சுற்றினார். பிரேக் கட்டை உரசியது. செயின் எண்ணெய் இல்லாமல் காய்ந்து கிடந்தது.

“அக்கா, எஞ்சினின் பலம் இங்கேயே பாதி வீணாகிறது. முதலில் இதைச் சரி செய்யலாம். நான்கு நாள் சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பிறகும் திணறினால் வாருங்கள். அப்போது பல்சக்கரத்தைப் பற்றிப் பேசலாம்.”

நான்கு நாள் கழித்து அக்கா வந்தார். வண்டி முன்னைவிட நன்றாக இழுத்தது. ஆனாலும் முழுச் சுமையோடு கடைசி மேட்டில் நின்றுவிடப் பார்த்தது.

மெக்கானிக் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொண்டார்.

42 ÷ 14 = 3

“முன்சக்கரம் 3 சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும். இதை 3-க்கு மேல் கொண்டுபோனால் இழுவை கூடும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது.”

முதல் வழி: முன்னால் ஒரு பல் குறைப்பது.
42 ÷ 13 = 3.23

இரண்டாம் வழி: பின்னால் 3 பல் கூட்டுவது.
45 ÷ 14 = 3.21

அக்கா இரண்டு விடைகளையும் பார்த்தார்.

“இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே!”

“ஆமாம் அக்கா. முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம்.”

“அப்படியானால் எது நல்லது?”

“முன்சக்கரம் விலை குறைவு. மாற்றுவதும் சுலபம். ஆனால் அது சிறிதாகச் சிறிதாகச் செயின் அதிகமாக வளைய வேண்டும். செயின் சீக்கிரம் தேயும். பின்சக்கரத்தைப் பெரிதாக்கினால் செயின் நீளம் போதாமல் போகலாம். செயின் மூடியில் உரசவும் செய்யலாம். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் அளவு கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.”

“வேகம் குறையுமா?”

“குறையும். முன்பு எஞ்சின் 100 சுற்று சுற்றிய தூரத்துக்கு இனி 107 சுற்று சுற்ற வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி, எஞ்சின் அதே அளவு சுற்றும்போது 56-இல்தான் போகும். நீங்கள் எத்தனையில் போவீர்கள்?”

“சுமையோடு முப்பதைத் தாண்ட மாட்டேன்.”

“அப்படியானால் உங்களுக்கு நட்டம் இல்லை. ஆனால் தினமும் நெய்யாற்றின்கரை வரை நீண்ட சாலையில் போகிறவர் இப்படி மாற்றினால் அவருக்கு நட்டம். எஞ்சின் வீணாகக் கத்தும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகலாம்.”

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஒன்றே. பாதை வேறு, சுமை வேறு. ஆகவே விடையும் வேறு. அடுத்தவர் போட்டதை நாமும் போடக் கூடாது.

நான்கு சக்கர விளையாட்டு வண்டி

சில சுற்றுலா இடங்களில் திறந்த வண்டி ஒன்றைப் பார்க்கலாம். அதற்கு நான்கு பருத்த டயர்கள் இருக்கும். மோட்டார் சைக்கிள் போலக் கைப்பிடி இருக்கும். அதில் பந்தயத்துக்கு ஓட்டும் வகையில், எஞ்சினிலிருந்து செயின் பின் அச்சுக்குப் போகும்.

அதை ஓட்டுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். செங்குத்தான மேட்டிலும் குறுகிய வளைவுகளிலும் ஓட்டுகிறவர் பின்னால் பல்லைக் கூட்டுவார். நீண்ட நேர் பாதையில் ஓட்டுகிறவர் குறைப்பார். பெரிய டயர் மாட்டினால் வண்டியின் இழுவை குறையும். அதை ஈடு செய்யவும் பின்னால் பல்லைக் கூட்டுவார்கள். விலை உயர்ந்த வண்டிக்கும் நம் சைக்கிளுக்கும் கணக்கு ஒன்றுதான்.

பிரேக் மாறவில்லை

பல்சக்கரத்தை மாற்றினால் வண்டி கூடுதலாக இழுக்கும். அதனால் கூடுதல் மூட்டை ஏற்றலாமா? கூடாது. இழுவைதான் கூடியது. பிரேக் பழைய பிரேக்தான். டயரும் பழைய டயர்தான். மேட்டில் ஏறிய சுமை, இறக்கத்தில் நம்மைத் தள்ளும். அப்போது வண்டியை நிறுத்த முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. கம்பெனி புத்தகத்தில் சொன்ன சுமைக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு நடை போவது நல்லது.

நினைவில் கொள்வோம்

1. பல்சக்கரம் மாற்றும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் சரி பார்க்க வேண்டும்.
2. தேய்ந்த பல் கொக்கி போல வளைந்து கூர்மையாக இருக்கும். அப்போது முன்சக்கரம், பின்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய செயின் புதிய பல்லைத் தின்றுவிடும்.
3. செயின் மிகத் தளர்வாகவும் இருக்கக் கூடாது. மிக இறுக்கமாகவும் இருக்கக் கூடாது.
4. எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்கக் கூடாது. விரல் போய்விடும்.
5. செயின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது. சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி செயினில் சிக்கினால் பெரிய விபத்து நேரும்.
6. பழைய சக்கரத்தைக் கழற்றியதும் பல்லை நீங்களே எண்ணுங்கள். புதியதையும் எண்ணுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.

பயிற்சி

1. ஒரு சைக்கிளில் முன்னால் 48 பல், பின்னால் 16 பல். ஒரு மிதிக்கு டயர் எத்தனை சுற்று சுற்றும்?

2. ஒரு மொபெட்டில் முன்னால் 15, பின்னால் 45 பற்கள். இன்னொன்றில் முன்னால் 15, பின்னால் 48 பற்கள். மேட்டுக்கு ஏற்றது எது? ஏன்?

3. உங்கள் வீட்டுச் சைக்கிளின் பெரிய பல்சக்கரத்தில் ஒரு பல்லில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். மறுபடி கோடு வரும்வரை எண்ணுங்கள். பின்சக்கரத்தையும் இப்படியே எண்ணுங்கள். வகுத்து விடை எழுதுங்கள்.

4. நீங்கள் தினமும் போகும் பாதையில் மேடு எத்தனை? எவ்வளவு சுமை கொண்டுபோகிறீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுங்கள். அடுத்த முறை மெக்கானிக் கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.